மூணாவது கோடு

இருபத்தேழைக் கூப்பிட்டாச்சு. என் சீட்டு நாப்பத்தொண்ணு. நடுவுல இன்னும் பதிமூணு பேர், ஆளுக்கு மூணு நிமிஷம்னு வெச்சாலும் முக்கால் மணி நேரம் ஆகும், அந்த முக்கால் மணி நேரமும் நான் இடது கண்ணைத் தனியா மூடக்கூடாது, அவ்வளவுதான், வேற ஒரு கஷ்டமும் இல்லை. ரெண்டையும் சேர்த்துச் சிமிட்டலாம், சேர்த்து மூடிக்கிட்டு சாமி கும்பிடற மாதிரி உக்காந்திருக்கலாம், யாரும் கேட்க மாட்டாங்க, கண்ணாஸ்பத்திரியில பாதிப் பேர் சொட்டு மருந்து ஊத்திக்கிட்டு அப்படித்தான் உக்காந்திருக்காங்க, கன்னத்துல வடியற தண்ணியைப் பஞ்சால ஒத்திக்கறாங்க. இடதை மட்டும் மூடினாத்தான் வம்பு. அப்ப வலது கண்ணு தனியா நிக்கும். அது தனியா நின்னா என்ன பண்ணும்னு செவ்வாக்கிழமையே தெரிஞ்சு போச்சு. தரையில வெள்ளை டைல்ஸ், இடுக்குல சாம்பல் கலர் கோடு, அது என் செருப்புக்கிட்ட ஆரம்பிச்சு மருந்துக்கடைக் கதவு வரைக்கும் நூல் பிடிச்ச மாதிரி போகுது. ரெண்டு கண்ணும் திறந்திருக்கற வரைக்கும் உலகம் நேராத்தான் இருக்கு கோகிலவாணி, நீ கம்முனு உக்காருன்னு எனக்கு நானே சொல்லிக்கறேன். கம்முனுதான் உக்காந்திருக்கேன், ஏசி மூஞ்சிக்கு நேரா அடிக்குது. செவ்வாக்கிழமை தலைக்கு ஊத்திட்டு ஈரத்துண்டைச் சுத்திக்கிட்டு ஜன்னல்கிட்ட நின்னேன், துண்டு சரிஞ்சு இடது கண்ணை மறைச்சிருச்சு, நான் அதைத் தூக்கிவிடக்கூட இல்லை, தெருவுல கீரைக்காரம்மா போகுதான்னு பார்த்துட்டிருந்தேன். ஜன்னல் கம்பியில ஒண்ணு நடுவுல வயிறு தள்ளிட்டு நின்னுது. எவன்டா இதை வளைச்சவன்னு கையை நீட்டித் தடவினேன். விரலுக்கு நேரா இருந்துது, கண்ணுக்கு வளைஞ்சிருந்துது. துண்டைத் தூக்கினேன், நேராயிருச்சு. மறுபடி மறைச்சேன், வளைஞ்சுது. அட முருகா. கம்பி வளைஞ்சது பெருசில்லை, அந்த வளைவை நான் முன்னாடியே பார்த்திருக்கேன்னு தோணுச்சு பாரு, அதுதான் பெருசு. பார்த்திருக்கேன் என்ன பார்த்திருக்கேன், அதை வரைஞ்சதே நான்தான். இப்ப மடியில பையை வெச்சு, கட்டியிருக்கற சேலையோட கொசுவத்தை மறைச்சுட்டு உக்காந்திருக்கேன். காலையில இருந்த பதட்டத்துல ஸ்டாண்டுல கைக்கு அகப்பட்ட சேலையை உருவிக் கட்டிட்டு வந்துட்டேன், பஸ் ஏறினப்பறம் குனிஞ்சு பார்த்தா நெளிச் சேலை. இன்னிக்குன்னு பார்த்து இதையா கட்டணும்.

நெளின்னு பேர் வெச்சது நான். அரக்குக் கோடு, பக்கத்துல மூணு கருநீலக் கோடு, அந்த மூணாவது நீலக் கோடு மட்டும் சாணுக்கு ஒரு இடத்துல லேசா ஒதுங்கி மறுபடி வரிசைக்கு வந்துரும். அவ்வளவுதான் டிசைன். பூ இல்லை, மயில் இல்லை, மாங்கா இல்லை. சென்னையில கண்காட்சியில ஒரு அம்மா அந்த வளைவு மேல விரலை ஓட்டிட்டு, “இந்தக் கோடு மட்டும் மூச்சு விடுதுங்க”ன்னாங்க. நான் பெருமையில பூரிச்சுப் போனேன். சேலத்துல பூட்டிப்போன ஒரு ஜவுளிக்கடையைக் காலி பண்ணப்போ பழைய சாம்பிள் புத்தகம் ஒண்ணு கிடைச்சுது, அறுபது எழுபது வருஷம் இருக்கும், பக்கத்துக்குப் பக்கம் தீப்பெட்டி அளவு துணி வெட்டி ஒட்டியிருக்கும், கீழே நம்பர். எங்க தறியில ஓடற புது ரகம் பூராவும் அந்தப் புத்தகத்தைப் பார்த்துப் பொறந்ததுதான், பொறந்ததுன்னுதான் சொல்லுவேன், அதுல இருந்து எடுத்ததுன்னு ஒருத்தன் சொன்னா சண்டைக்குப் போயிருவேன். பழசைப் பார்த்துப் புதுசு பண்றவங்கள்ல ரெண்டு ரகம் உண்டு. ஒரு ரகம் துணியைக் கொண்டுபோய் ஸ்கேன் பண்ணி, கலரை மாத்தி, நம்ம டிசைன்னு பேர் போட்டுக்கறது. இன்னொரு ரகம் நான். ஸ்கேன் கிடையாது, போட்டோ கிடையாது, மேல தாள் வெச்சு வரையறது கிடையாது. இழை எண்ணற கண்ணாடியைத் துணி மேல நிறுத்தி, இடது கண்ணை மூடி, வலது கண்ணை வெச்சுப் பார்ப்பேன், மணிக்கணக்காப் பார்ப்பேன், அப்பறம் புத்தகத்தை மூடிட்டு, எனக்குள்ள எது தங்குச்சோ அதை மட்டும் கிராப் பேப்பர்ல கட்டம் கட்டமா வெப்பேன். தங்குனது என்னோடது, தங்காதது அவங்களோடது. ஒரு காலேஜ்ல கூப்பிட்டுப் பேசச் சொன்னப்ப இதையேதான் மேடையில சொன்னேன், அந்தப் பொண்ணுங்க கைதட்டுச்சுங்க. இடது கண்ணை மூடி, வலது கண்ணை வெச்சுன்னு செஞ்சுகூடக் காட்டினேன். இப்ப நெனைச்சா காதெல்லாம் சூடாகுது. நூத்திப்பதினெட்டாம் நம்பர் துணியை அப்படித்தான் பார்த்தேன். அரக்குக் கோட்டைப் பார்த்துட்டிருந்தா பக்கத்துல மூணாவது நீலக் கோடு மெல்ல வளையும். அடடேன்னு அதையே நேராப் பார்த்தா நேராயிரும். கண்ணை மறுபடி அரக்குக்குக் கொண்டுவந்தா வளையும். கண்ணாடியை எடுத்துட்டு ரெண்டு கண்ணாலயும் பார்த்தா ஒண்ணுமே இருக்காது. எவ்வளவு சூட்சுமம் பாரு, கண்ணாடி வெச்சுப் பார்க்கற பொறுமை இருக்கறவளுக்கு மட்டும் தெரியற மாதிரி நெய்து வெச்சிருக்கான் மகராசன்னு நெனைச்சேன். அவனுக்கு மனசுக்குள்ள கும்பிடுகூடப் போட்டேன். நெனைப்புதான் பொழப்பைக் கெடுக்கும்னு என்னை நானே திட்டிக்கலாம், இப்பத் திட்டி என்ன ஆகப்போகுது.

முப்பத்தொண்ணு போகுது. பக்கத்து நாற்காலியில ஒரு அம்மா, பெருந்துறைப் பக்கமாம், கூட வந்த மருமகள் டீ குடிக்கப் போயிட்டாளாம், நாயம் பேச ஆளில்லாம என் பக்கம் திரும்பிட்டாங்க. “உனக்கு என்ன அம்மிணி, புரையா?” இல்லீங்கன்னேன். “சர்க்கரையா?” அதுவும் இல்லீங்க, சும்மா செக்கப்புங்க. “எனக்கு ஊசி. இது நாலாவது ஊசி.” எங்கீங்க, கையிலயான்னு கேட்டேன், கேட்டிருக்கவே கூடாது. “கண்ணுலதான். உள்ள.” கண்ணுக்கு உள்ளயான்னு மறுபடி கேட்கறேன், எனக்குப் புத்தி இல்லை. “உள்ளதான் அம்மிணி. மரத்துப்போக மருந்து ஊத்திருவாங்க, வலி தெரியாது, ஊசி வர்றது மட்டும் தெரியும்.” ஊசி வர்றது மட்டும் தெரியுமாம். சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க, மூக்குத்தியெல்லாம் ஆடுது. ஊசின்னா எனக்குத் துணியில குத்தற ஊசிதான், கண்ணுக்கு எதிர்ல ஊசியைத் தூக்கி நூல் கோக்கறப்பகூட ஒரு சாண் தள்ளித்தான் பிடிப்பேன். “முன்னாடியே வந்திருந்தா இத்தனை ஊசி வேணாம்னு டாக்டர் வஞ்சாரு. எத்தனை நாளா இப்படி இருக்குன்னு கேட்டாரு, எனக்கு என்ன தெரியும், ஏதோ தீபாவளிக்கு முன்னாடின்னு சொன்னேன். நாளுதான் முக்கியம்ங்கறாரு.” நாளுதான் முக்கியம். அந்தம்மாவுக்கு என்ன, தீபாவளிக்கு முன்னாடின்னு குத்துமதிப்பா சொல்லிட்டுத் தப்பிச்சுட்டாங்க. எனக்கு மாசம், தேதி, கிழமை எல்லாம் தெரியும். வரைஞ்ச கிராப் ஒவ்வொண்ணுலயும் கீழே வலது ஓரத்துல கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதறது இருபது வருசப் பழக்கம், கிராப்பைப் பார்த்துத் தறிக்கு டிசைன் அட்டை குத்தறவரு எந்தக் கிராப் முந்தி எது பிந்தின்னு குழம்பக்கூடாதுன்னு ஆரம்பிச்சது. நெளி கிராப்புல இருக்கறது பிப்ரவரி ஒன்பது, ஞாயித்துக்கிழமை, அன்னிக்குத் தறி நின்னிருந்துது, அதான் நிதானமாப் பார்த்தேன். இன்னிக்கு ஆகஸ்ட் இருபத்திரண்டு. ஆறு மாசம், மேல பதிமூணு நாள். வியாதி எப்ப வந்துதுன்னு கையெழுத்துப் போட்டு, சட்டம் போட்டு, கடைச் சுவத்துல மாட்டி வெச்சிருக்கேன், வர்ற ஆளுங்களுக்கெல்லாம் காட்டி விளக்கியிருக்கேன்.

பொறு, பொறு. இன்னும் ஒண்ணும் நிச்சயமாகலை. துணியில நிஜமாவே வளைவு இருக்கலாம், கண்ணுல வந்த கோளாறு செவ்வாக்கிழமை வந்ததா இருக்கலாம், ரெண்டும் ஒரே மாதிரி இருக்கறது தற்செயலா இருக்கலாம். இருக்கலாமில்லை? சாம்பிள் துணி பையிலதான் இருக்கு, பக்கத்தோட பிச்சு பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கொண்டுவந்திருக்கேன், கண்ணாடியும் இருக்கு. எடுத்து இந்த அம்மாகிட்டக் காட்ட முடியாது, ஊசி மேல ஊசி வாங்கற கண்ணு. அக்கட்டால, எதிர் வரிசையில, காக்கிச் சட்டைக்காரர் ஒருத்தர் பேப்பர் படிக்கறாரு, அவருகிட்ட, சித்த இதைப் பாருங்க, இந்தக் கோடு நேரா வளைவான்னு கேட்டா ஒரு வார்த்தையில சொல்லிருவாரு. ஒரு வார்த்தைதான். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் மூணு நாளா நான் ஓடி ஒளியறேன். ஆனா யோசிச்சுப் பார்த்தா அந்த வார்த்தையை ஒருத்தர் சொல்லியாச்சு, ஆறு மாசத்துக்கு முன்னாடியே சொல்லியாச்சு. எங்க வீட்டுக்காரர் சென்னியப்பன்தான் சொன்னாரு. கிராப்பைக் காட்டினப்ப மீசையைத் தடவிக்கிட்டு, “ஏம்புள்ள, பாவு நூலு எப்படி வளையும்? இழுத்துக் கட்டித்தானே நெய்யறோம்”னாரு. சின்னப் புள்ளைக்குத் தெரியற விஷயம். துணியில நீளவாட்டத்துல ஓடற கோடு பாவு, அதை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் முறுக்கி இழுத்து வெச்சிருப்போம், வீணைக் கம்பி மாதிரி நிக்கும், அது வளையணும்னா தறி மேல ஜக்கார்டுங்கற அட்டை மெஷின் வெச்சு இழை இழையா நகர்த்தணும், அந்தக் காலத்துச் சாதாக் கோட்டுத் துணிக்கு எவன் ஜக்கார்டு வெச்சான்? எனக்குத் தெரியாதா இது? நான் நெசவுக்காரன் பொண்ணு, நெசவுக்காரன் பொண்டாட்டி. அதான் அதை நெய்தவன் கெட்டிக்காரத்தனம்னேன். அவரு புத்தகத்தை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்து, “எனக்கு நேராத்தான் தெரியுது”ன்னாரு. நான் என்ன சொன்னேன்? உங்களுக்கு வெள்ளெழுத்து, கண்ணாடி போடாம ஊசிக்கு நூலே கோக்க முடியாது, நீங்க எனக்குக் கோடு பார்க்கச் சொல்லித் தர்றீங்களான்னேன். ஆளுங்க முன்னாடி சொன்னேன். தறிக்காரங்க ரெண்டு பேர் சிரிச்சாங்க. அந்த மனுசன் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துட்டு, சரி புள்ள, நீ சொன்னா சரின்னு போயிட்டாரு. பன்னெண்டு ஊடைக்கு, அதான் குறுக்கு நூலுக்கு, ரெண்டு இழை தள்ளி, மறுபடி ரெண்டு இழை உள்ள, நான் சொன்ன கணக்குக்கு அட்டை குத்த ஏற்பாடு பண்ணிக் கொடுத்ததும் அவருதான். அப்பவே அவரு பேச்சைக் கேட்டு இங்க வந்து உக்காந்திருந்தா. அட, ஸ்கேன் பண்ணியிருந்தாகூடப் போதுமே, கம்ப்யூட்டர் திரையில அந்தக் கோடு விரைப்பா நின்னிருக்கும், என்னடா இதுன்னு முழிச்சிருப்பேன். ஸ்கேன் பண்ணாதவங்கற திமிருதான் எனக்கு.

முப்பத்தாறு. கூட வந்த வீட்டுக்காரர் ஃபைல் வாங்கற கவுண்டர்ல வரிசையில நிக்கறாரு, இங்க இருந்து முதுகு மட்டும் தெரியுது, சட்டை கசங்கியிருக்கு, என்னால அவசரமாக் கிளம்பினது. செவ்வாக்கிழமையில இருந்து கண்ணு ஒரு மாதிரியா இருக்குன்னு மட்டும்தான் சொல்லியிருக்கேன். ஒரு மாதிரின்னா என்ன மாதிரின்னு கேட்டாரு, கலங்கலா இருக்குன்னு பொய் சொன்னேன். எனக்குப் பயமா இருக்கு. வெளிய சொல்லலை, ஆனா உடம்பு பூராப் பயமா இருக்கு. கண்ணு போயிருமோன்னு பயம், அது முதல்ல. இந்தக் கண்ணுதான் எனக்கு வேலைக்காரக் கண்ணு, ஓர் அங்குலத்துல எத்தனை இழைன்னு எண்ணறது இது, சாயம் ஒரு பிடி எச்சாப் போச்சுன்னு கண்டுபிடிக்கறது இது, இடது சும்மா துணைக்கு வர்றது. இது போயிட்டா அடுத்தது அதுக்கும் வருமா? யாரைக் கேட்கறது? அதுக்கும் கீழே இன்னொரு பயம் கிடக்கு, அதைத் தொட்டாலே வெடுக்குனு மனசு விலகுது. எனக்குன்னு ஒரே ஒரு டிசைன் வந்துது. மத்ததெல்லாம் எங்கயோ பார்த்ததோட சாயல், நெளி மட்டும்தான் யாரும் போடாதது, அதை வெச்சுத்தான் என்னை மேடையில ஏத்தினாங்க. அது கைக்குள்ள இருந்து வரலை, மனசுல இருந்து வரலை, கண்ணுக்குள்ள எங்கயோ தண்ணி கோத்தோ, சவ்வு பிரிஞ்சோ, அந்தச் சீக்கு வரைஞ்சு கொடுத்ததுன்னா நான் யாரு? கையெழுத்துப் போட்டவ மட்டும்தானா? ஐயோ, கண்ணே போகப்போகுதாம், இவ டிசைனைப் பத்தி அழறா. ஏசிக் காத்துல இடது கண்ணு உறுத்துச்சு, தூசியோ என்னவோ, கை தானாப் போய்த் தேய்ச்சிருச்சு. தேய்ச்சுட்டே டாக்டர் ரூம் கதவைப் பார்த்திருக்கேன். கதவு நிலை, பக்கத்துல இரும்புப் பைப்பு, அது நடுவுல மெதுவா, பதட்டமே இல்லாம, ஒதுங்கி நின்னுது. என் நெளி. அதே அளவு, அதே வயிறு. சட்டுனு கையை எடுத்தேன். பக்கத்து அம்மா திரும்பிப் பார்த்தாங்க. “என்ன அம்மிணி, தண்ணி குடிக்கறயா?” வேண்டாங்க, ஒண்ணுமில்லீங்க.

நாப்பதுக்கு அப்பறம் நாப்பத்தொண்ணுதான் வரும், வேற என்ன வரும், ஆனாலும் கூப்பிட்டப்ப வேற யாரோ எந்திரிப்பாங்கன்னு சுத்திப் பார்த்தேன். அவரு ஃபைலோட ஓடிவந்து என் முழங்கையைப் பிடிச்சுக்கிட்டாரு. உள்ள டாக்டர் இல்லை, முதல்ல பரிசோதனை பண்ற பொண்ணாம், இருபத்தஞ்சு வயசு இருக்கும், பொட்டு சின்னதா, குரல் மெதுவா. எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லுச்சு. இடது கண்ணு கடைசி வரி வரைக்கும் போச்சு. வலது கண்ணு நடுவுலயே நின்னுபோச்சு, அதுக்கும் கீழே எழுத்தெல்லாம் தோளைத் தோளை இடிச்சுக்கிட்டு நிக்குது. பரவாயில்லீங்கக்கான்னு சொல்லிட்டு அந்தப் பொண்ணு ஒரு தாளை எடுத்து மேஜையில வெச்சுது. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு, பயத்துல வர்ற சிரிப்பு. கிராப் பேப்பர். சதுரமா, கட்டம் கட்டமா, நடுவுல ஒரு கறுப்புப் புள்ளி. இந்த ஆஸ்பத்திரியிலயும் இதேதானா. “இடது கண்ணைக் கையால மூடிக்கங்க. புள்ளியை மட்டும் பாருங்க, கண்ணை அங்க இங்க ஓட்டாதீங்க. எந்தக் கோடாவது வளைஞ்சு தெரிஞ்சா, எங்க எப்படித் தெரியுதோ அதே மாதிரி அதுக்கு மேலயே பென்சில்ல வரைஞ்சு காட்டுங்க.” மூணு நாளா மூட மாட்டேன்னு வெச்சிருந்த கண்ணு. உள்ளங்கையை வெச்சு மூடினேன். புள்ளியைப் பார்த்தேன். அரக்குக் கோட்டைப் பார்க்கற மாதிரியேதான் பார்த்தேன், எனக்கு வேற பார்க்கத் தெரியாது. புள்ளிக்குப் பக்கத்துல ஒண்ணு, ரெண்டு, மூணாவது கோடு, மெல்ல மூச்சை இழுத்துக்கிட்டு ஒதுங்குச்சு. பென்சில் நடுங்கும்னு பயந்தேன், நடுங்கலை. கட்டத்தைக் கண்டதும் கைக்கு வேலை ஞாபகம் வந்துருச்சு, எங்க தள்ளணும், எங்க நிறுத்தணும், எங்க உள்ள வரணும்னு என்னைக் கேட்காமயே போச்சு, ஒரே இழுப்பு. அந்தப் பொண்ணு குனிஞ்சு பார்த்துட்டு, “எல்லாரும் கோணல் மாணலா இழுத்துட்டுப் போவாங்கக்கா, நீங்க எவ்வளவு சுத்தமா வரைஞ்சிருக்கீங்க”ன்னுச்சு.

“எத்தனை நாளா இப்படித் தெரியுதுங்க?” அதான் அந்தக் கேள்வி. என் வாய் திறக்கறதுக்குள்ள அவரு சொல்லிட்டாரு, “செவ்வாக்கிழமையில இருந்துங்க மேடம்.” பாவம், நான் சொன்ன பொய்யைத் திருப்பிச் சொல்றாரு. சொல்லிட்டுச் சட்டைப் பாக்கெட்டுல இருந்து வெள்ளெழுத்துக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கிட்டு, நான் என்ன வரைஞ்சிருக்கேன்னு எட்டிப் பார்த்தாரு. தாளைப் பார்த்தாரு. என் சேலைக் கொசுவத்தைப் பார்த்தாரு, பை எப்பவோ மடியில இருந்து நழுவியிருந்துது. மறுபடி தாளைப் பார்த்தாரு. “ஏம்புள்ள”ன்னாரு. நேராத்தான் இருக்குன்னு அப்பவே சொன்னேனேன்னு ஒரு வார்த்தை சொல்லலை அந்த மனுசன், சொல்லியிருந்தாகூடத் தாங்கியிருப்பேன், என் தோள் மேல கையை வெச்சுக்கிட்டு நின்னாரு. நான் தாளை என் பக்கம் இழுத்தேன், வலது ஓரத்துல கீழே, எப்பவும் போடற இடத்துல, கையெழுத்துப் போட்டேன், பக்கத்துல தேதியும் எழுதினேன். அந்தப் பொண்ணு சிரிச்சுட்டு, “கையெழுத்தெல்லாம் வேண்டாங்கக்கா. தேதியும் தப்பாப் போட்டிருக்கீங்க பாருங்க, பிப்ரவரி ஒன்பதுன்னு. இன்னிக்கு ஆகஸ்ட் இருபத்திரண்டு”ன்னு சொல்லி அழிக்க ரப்பரை எடுத்துச்சு. நான் அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டேன். தப்பில்லைம்மா, அழிக்காதே, டாக்டர்கிட்டயும் அந்தத் தேதியவே சொல்லுன்னேன்.